அக்காவின் தண்ணீர்

பிப்ரவரி 11

வடிகட்டு நிலைய ஆபரேட்டருக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. உன் போன் முந்தாநாளும் அடித்தது, நேற்றும் அடித்தது. நான் எடுக்கமாட்டேன். மெசேஜும் போடாதே. போனில் பொடி எழுத்து எனக்குத் தெரியாது, எனக்கு வருகிற மெசேஜை வாசித்துச் சொல்கிறவளே உன் அக்காதான். வீடும் சிறியது, இந்த அறையில் தும்மினால் அந்த அறையில் கேட்கும். சொல்ல ஏதாவது இருந்தால் நான் வேலை பார்க்கிற லாரி எடைமேடை முகவரிக்கு எழுது. எழுதாமல் இருந்தால் இன்னும் நல்லது.

நடந்ததை ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் உப்பு ஏறியிருக்கிறது, சிறுநீரக டாக்டரைப் பாருங்கள் என்று பரிசோதனைச் சாலையில் சொன்னார்கள். அந்த டாக்டரைப் பார்க்க ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வாரத்தில்தான் நீ போனில் உன் வித்தையைக் காட்டினாய். "உப்பு ஏறினா தண்ணிய விட்டுக் கழுவணும் அத்தான், நாலு லிட்டராவது குடிக்க வைங்க." தண்ணீரைப் பற்றித் தண்ணீர்க்காரன் சொல்கிறான், சரியாகத்தான் இருக்கும் என்று நானும் ஜக்கும் கையுமாக அவள் பின்னால் திரிந்தேன். வார முடிவில் அவளால் படுக்க முடியவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே மூச்சுக்கு அல்லாடினாள். நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டது என்று டாக்டர் சொன்னார். "யாரு இவ்வளவு தண்ணி குடிக்கச் சொன்னது?" என்று கேட்டார். உன் பேரை நான் சொல்லவில்லை, அதற்காக நீ எனக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு சிறுநீரகத்திலும் நீர்க்கட்டிகளாம். உள்ளே வேலை நின்று வெகுநாள் ஆகிறதாம். இனி வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். கூடப்பிறந்தவர்கள் உண்டா என்றும் கேட்டார்கள். யாரும் இல்லை என்று சொன்னேன். கோபத்தில் வாய் தவறிவிட்டது என்று நினைக்காதே, யோசித்துத்தான் சொன்னேன்.

அக்காவோடு போனில் பேசிக்கொள். ஊர்க்கதை பேசு, என்னைப் பற்றிப் பேசாதே. வீட்டுப் பக்கம் மட்டும் வராதே. லீவு கிடைக்கவில்லை என்று அவளிடம் சொல்லிக்கொள்.

உன் அக்காவின் புருஷன்.


பிப்ரவரி 20

அத்தான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை பம்ப் அறையில் நின்று படித்தேன். அந்த இரைச்சலில் நான் என்ன செய்தாலும் யாருக்கும் கேட்காது என்பதால் அங்கே போனேன்.

நீங்கள் சொன்னது எல்லாம் உண்மை. நான்தான் சொன்னேன். இங்கே தண்ணீரை வடிகட்டுகிற மணல் படுக்கை அடைத்துக்கொண்டால் கீழிருந்து தண்ணீரைத் திருப்பி வேகமாக விட்டுக் கழுவுவோம். அழுக்கெல்லாம் மேலே வந்து வழிந்து போகும், படுக்கை திரும்பவும் வேலை செய்யும். பதினாறு வருஷமாக இதைச் செய்கிறேன். என் அக்காவின் உடம்பும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். வடிகால் மூடிக்கிடக்கிற தொட்டிக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறேன். எங்கள் வேலையில் சின்னப் பயல்கூட இதைச் செய்யமாட்டான்.

ஆனால் அத்தான், ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். கோபப்பட்டாலும் சரி. அந்த வாரம் நடுவில் எனக்குப் போன் போட்டு, "உன் வைத்தியம் வேலை செய்யுது மாப்ளே, அவ எடை ஏறிடுச்சு, முகம்கூடப் பூசினாப்ல இருக்கு" என்று சொன்னது யார்? நாள் முழுவதும் லாரிகளை ஏற்றி இறக்கி எடை பார்க்கிறவர் நீங்கள். காலி வண்டி எவ்வளவு, சரக்கோடு எவ்வளவு என்று பார்த்ததும் சொல்கிறவர். மாதக்கணக்கில் இளைத்துக்கொண்டே போனவள் நாலே நாளில் எப்படித் தேறுவாள் என்று உங்களுக்கு ஒரு சந்தேகம் வரவில்லையா? ஏறினது சதையா தண்ணீரா என்று பார்க்கத் தோன்றவில்லையா?

எழுதிவிட்டேன். அடித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், மனசு வரவில்லை. இதையும் நான் யாரிடமாவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

போனில் அக்கா நன்றாகத்தான் பேசுகிறாள். அவள் நன்றாகப் பேசினால் எனக்குப் பயமாக இருக்கிறது, சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். உண்மையில் எப்படி இருக்கிறாள்? அதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மைத்துனன்.


மார்ச் 6

உனக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உன் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். வண்டிக்காரர்கள் எடை கேட்டால் இரண்டு தடவை பார்த்துச் சொல்கிறேன்.

ஆமாம், எடை ஏறியது என்று சந்தோஷப்பட்டது நான்தான். அவளை எடை பார்க்கும் இயந்திரத்தில் நிற்க வைத்து, முள் நகர்ந்ததும் கை தட்டினேன். அவளும் சிரித்தாள். அதைச் சொல்லிக் காட்ட உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அதைச் சொன்னால் என் கோபம் குறையும் என்று நினைத்தாயானால், குறையவில்லை, இரண்டு மடங்காகி நிற்கிறது. பாதி உன் மேல், மீதி யார் மேல் என்று உனக்கே தெரியும்.

எப்படி இருக்கிறாள் என்று கேட்டாய். டயாலிசிஸ் அறையில் முதலில் எடை பார்க்கிறார்கள். தண்ணீர் சேராத உடம்பின் எடை இவ்வளவு என்று டாக்டர் ஒன்று குறித்து வைத்திருக்கிறார். அதற்கு மேல் இருப்பதெல்லாம் தண்ணீர்தான், அதை இயந்திரம் எடுக்க வேண்டும். என் தொழிலை என் கண் முன்னாலேயே என் பெண்டாட்டிக்குச் செய்கிறார்கள். நான்கு மணி நேரம் கழுத்தில் செருகிய இரட்டைக் குழாயோடு படுத்திருக்கிறாள். ரத்தம் ஒரு குழாயில் போய் இன்னொரு குழாயில் வருகிறது. கடைசி அரைமணியில் கால் நரம்பு இழுத்துக்கொள்கிறது. நான் காலைப் பிடித்து நீவிவிடுவேன். வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிடுவாள்.

தாகம்தான் அவளைக் கொல்கிறது. ஒரு நாளைக்கு மூன்று டம்ளர், அதற்குள் மாத்திரைக்கும் காப்பிக்கும் எல்லாம். ஐஸ் கட்டி தண்ணீர் ஆகாது என்று அவளாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் எடையில் மாட்டிக்கொண்டாள். நர்ஸ் திட்டியதற்கு, "உருகுமுன்னாடியே முழுங்கிட்டேன் சிஸ்டர்" என்றாள். வார்டே சிரித்தது. நான் வெளியே வந்து நின்றேன்.

தம்பிக்கு ஏன் லீவே கிடைக்கவில்லை என்று தினமும் கேட்கிறாள்.

இப்படிக்கு நான்.


மார்ச் 15

அத்தான் அவர்களுக்கு,

இங்கே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டு உட்கார்ந்தேன். என் முறை வந்ததும் "உங்களுக்கு என்ன?" என்றார்கள். "எனக்கு ஒண்ணும் இல்ல, சந்தேகம்தான்" என்றேன். துரத்தப் பார்த்தார்கள். கடைசியில் டயாலிசிஸ் பிரிவில் இருந்த ஒரு சிஸ்டர் இரக்கப்பட்டு, சாப்பாட்டு நேரத்தில் உட்கார வைத்துச் சொன்னார். நான் வடிகட்டு நிலையத்தில் வேலை செய்கிறேன் என்றதும் அவருக்குக் கொஞ்சம் உற்சாகம் வந்துவிட்டது. எனக்குத்தான் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலை குனிந்துகொண்டே போயிற்று.

சிறுநீரகம் அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்கிற சல்லடை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். எங்கள் மணல் அப்படித்தான் செய்யும், நல்லதை விட்டுவிட்டுக் கெட்டதை நிறுத்தும். சிறுநீரகம் இதற்கு நேர் எதிர். ரத்த அணுக்களையும் புரதத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, தண்ணீர், உப்பு, சர்க்கரை, கழிவு எல்லாவற்றையும் முதலில் வெளியே கொட்டிவிடுகிறதாம். நாள் ஒன்றுக்கு நூற்றெண்பது லிட்டர். பையைத் தரையில் கவிழ்த்துவிட்டு வேண்டியதை மட்டும் பொறுக்கி உள்ளே போடுகிற மாதிரி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. சர்க்கரை முழுவதும், உப்பில் வேண்டிய அளவு, தண்ணீரில் ஏறத்தாழ எல்லாமே. பொறுக்காமல் விட்டது ஒன்றரை லிட்டர்தான் சிறுநீராக வெளியே போகிறது. அன்றைக்குக் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்திருந்தால் அதிகமாகத் திரும்ப எடுக்கும், நிறையக் குடித்திருந்தால் விட்டுவிடும். யாரும் உட்கார்ந்து வால்வு திருப்ப வேண்டியதில்லை. எங்கள் நிலையத்தில் இதற்கு மூன்று ஷிப்ட் ஆள் வேண்டும்.

அமிலக் கணக்கும் அதன் கையில்தானாம். நாம் சாப்பிடுவது, நடப்பது எல்லாவற்றிலிருந்தும் அமிலம் சேர்ந்துகொண்டே இருக்கிறது. இங்கே தண்ணீரில் புளிப்பு ஏறினால் நான் சுண்ணாம்பு கலந்து சரி செய்வேன். சிறுநீரகம் அமிலத்தைச் சிறுநீரில் தள்ளிவிட்டு, அதை முறிக்கிற உப்பைத் தானே செய்து ரத்தத்தில் சேர்க்கிறது. அது நின்றுபோனால் அமிலம் ஏறும், ஏறினால் நுரையீரல் வேக வேகமாக மூச்சு விட்டு ஈடுகட்டப் பார்க்கும். போன வருஷக் கடைசியில் அக்கா மாடிப்படி ஏறாமலேயே பெருமூச்சு விடுகிறாள், உடம்பில் சக்தி இல்லை என்று சொன்னீர்களே, அப்போதே நுரையீரல் இந்த வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். அதன் மேல்தான் நான் தண்ணீரை விட்டேன்.

இயந்திரம் வாரத்தில் பன்னிரண்டு மணி நேரம் செய்வதை, நல்ல சிறுநீரகம் ராப்பகலாக நிற்காமல் செய்கிறது. ஒன்று இருந்தாலே போதுமாம். எனக்கு இரண்டு இருக்கிறது. கல்யாணமும் இல்லை, பிள்ளை குட்டியும் இல்லை, இரண்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்? எங்கள் இருவருக்கும் ஒரே ரத்த வகை என்று உங்களுக்கே தெரியும். ஒன்றை அக்காவுக்குக் கொடுக்கிறேன்.

இது பரிகாரம் என்று நினைத்து மறுத்துவிடாதீர்கள். பரிகாரமாகவும் இருக்கட்டுமே, அதில் என்ன கெட்டுப்போயிற்று? வீட்டுக்கு வரவேண்டாம் என்றால் வரமாட்டேன். ஆஸ்பத்திரிக்கு வந்து, கொடுத்துவிட்டு, அப்படியே ஊர் திரும்பிவிடுகிறேன்.

உங்கள் மைத்துனன்.


மார்ச் 29

மச்சானுக்கு,

சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுப் பக்கம் வராமல் ஊர் திரும்புவானாம். தபாலில் அனுப்புகிறவன் மாதிரி எழுதியிருக்கிறாய். படித்துவிட்டுக் கேபினில் தனியாகச் சிரித்தேன். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் தோன்றியது.

உன் அக்காவிடம் சொன்னேன். வேண்டவே வேண்டாம் என்றாள். "அவன் வயசென்ன, என் வயசென்ன? அவனை அறுத்து நான் வாழணுமா?" என்று ஒரே பிடிவாதம். நானும் விடவில்லை. நீ கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கிறாய் என்று பொய்கூடச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, "அவனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் எங்கிட்ட நேரா சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றாள். உன் அக்கா வாயிலிருந்து இவ்வளவு வந்ததே பெரிது.

நான் கொடுக்கலாம் என்று உனக்கு முன்னாலேயே கேட்டுப் பார்த்தேன். சர்க்கரை வியாதிக்காரனிடம் எடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதை உன்னிடம் சொல்ல எனக்கு இஷ்டமில்லாமல் இருந்தது.

நேற்று டாக்டரிடம் போய் அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அன்னைக்கு யாரும் இல்லன்னு சொன்னீங்களே?" என்றார். தகராறு என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. இது குடும்பத்தில் வருகிற வியாதி, பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் யாருக்கும் வரலாம், தம்பி கொடுப்பது இருக்கட்டும், முதலில் அவருக்கு ஸ்கேன் எடுங்கள் என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

உன் அப்பா ரத்தக் கொதிப்பில் தலைவலி தலைவலி என்றே போய்ச் சேர்ந்தாரே, அது எனக்கு அங்கேயே நினைவுக்கு வந்தது. உனக்கு ஒன்றும் இருக்காது. உன் உடம்பு இரும்பு. இருந்தாலும் இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே போய் எடு. முடிவு வந்ததும் போனே போடு, நான் எடுக்கிறேன்.

அத்தான்.


ஏப்ரல் 24

அத்தானுக்கு,

போன் போடச் சொன்னீர்கள். மூன்று தடவை எடுத்து வைத்துவிட்டேன். அடுத்த அறையில் அக்கா இருப்பாள், உங்கள் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். கடிதத்திலேயே சொல்கிறேன்.

எனக்கும் இருக்கிறது. இரண்டு பக்கமும். ஸ்கேன் எடுத்தவர் முதலில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார், பிறகு பேச்சை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ரத்தக் கொதிப்பும் இருக்கிறது. அப்பா எங்கள் இருவருக்கும் சமமாகத்தான் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பயப்படும்படி இப்போது இல்லை என்கிறார் டாக்டர். வேலை முக்கால்வாசி நடக்கிறது. கொதிப்பைக் கட்டுக்குள் வைத்து, உப்பைக் குறைத்தால் பல வருஷம் தள்ளலாமாம். "அக்காவுக்கு இதுதான்னு தெரிஞ்சப்பவே உங்களைப் பாக்கச் சொல்லலையா?" என்று கேட்டார். நான் தூரத்தில் இருப்பவன், சொல்ல விட்டுப்போயிற்று என்றேன். இடையில் தவறிப்போன ஒன்றரை மாதத்தில் எதுவும் மாறியிருக்காது, அதையும் அவரிடம் கேட்டுக்கொண்டேன். ஆகவே அதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

ஆனால் என்னால் கொடுக்க முடியாது அத்தான். அதைத்தான் தாங்க முடியவில்லை. வியாதி கிடக்கட்டும். கொடுத்துவிடுவேன் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் வேலைக்குப் போனேன், சாப்பிட்டேன். இனி எதை வைத்து அக்கா முகத்தைப் பார்ப்பேன்?

இன்னொன்று. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? என் நிலைமைக்குத் தண்ணீர் நன்றாகக் குடிக்கச் சொல்கிறார்கள். சிறுநீரகம் வேலை செய்கிறவரைக்கும் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்வது நல்லதாம். அக்காவுக்கு விஷமானது எனக்கு மருந்து. டம்ளரைக் கையில் எடுக்கிறேன், கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் மூச்சுக்கு அல்லாடியதாக எழுதினீர்களே, அது கண் முன்னால் வந்து நிற்கிறது. மாத்திரைக்கு ஒரு வாய், சாப்பிடும்போது ஒரு வாய், அதற்கு மேல் இறங்கவில்லை. நேற்று வேலையில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். ஊருக்கே தண்ணீர் அனுப்புகிறவன் ஒரு டம்ளர் குடிக்க முடியாமல் நிற்கிறேன்.

அக்காவிடம் சொல்ல வேண்டாம். ரத்தம் பொருந்தவில்லை என்று ஏதாவது சொல்லிவிடுங்கள்.

உங்கள் மைத்துனன்.


மே 3

சின்னவனுக்கு,

அவள் உன்னைக் கூப்பிடுகிற பேரில் நானும் கூப்பிடுகிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு எடைமேடைக் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றன. கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை என்று நான் சொன்ன அன்றைக்கு, உனக்குள் அந்தக் கட்டிகள் இருந்துகொண்டுதானே இருந்திருக்கும். டாக்டரிடம் என்னை விட்டுக்கொடுக்காமல் பேசியிருக்கிறாய். நானாக இருந்தால் பேசியிருக்கமாட்டேன். என்னை மன்னித்துக்கொள் என்று எழுதினால் நீ சங்கடப்படுவாய், இருந்தாலும் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

அக்காவிடம் சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் அவளுக்குத் தெரியாமல் நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறியது போதும்.

டயாலிசிஸ் முடிந்து வந்து அவள் படுத்திருந்தபோது சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், நான் டாக்டரிடம் சொன்ன பொய், நாம் எழுதிக்கொண்ட கடிதம், ஸ்கேன். அழுவாள் என்று பார்த்தேன். "அவன் கொடுக்கலைன்னா எனக்கென்ன, மிஷின் இருக்கு, ஆஸ்பத்திரியில கிட்னிக்குப் பேரு பதிஞ்சு வெச்சிருக்கோம், யாரோ ஒருத்தர் புண்ணியத்துல வரும்போது வரட்டும்" என்றாள். அப்புறம் எழுந்து உட்கார்ந்து, "அவன் தண்ணி குடிக்கிறானா?" என்று கேட்டாள். நீ எழுதியதை வாசித்துக் காட்டினேன். அப்போதுதான் அழுதாள். இத்தனை மாதத்தில், ஊசிக்கும் இழுப்புக்கும் அழாதவள், நீ டம்ளரோடு நிற்கிற இடத்தில் அழுதாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் மாற்றக் கூடாது என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். "நீ சொன்னதுனால என் கிட்னி போகல. அது போனதை நாம யாரும் பாக்கல, அவ்வளவுதான். நான் தாகமா இருக்கேங்கறதுக்காக நீயும் தாகமா கெடந்தா எனக்கு என்ன வந்துச்சு? நம்ம அப்பா பிள்ளைங்க ரெண்டு பேர்ல ஒருத்தராவது வயிறு நெறயத் தண்ணி குடிக்கணும்."

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு டயாலிசிஸ் இல்லை. முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வந்துவிடு. அவள் எதிரே உட்கார்ந்து நீ ஒரு செம்புத் தண்ணீர் முழுவதும் குடிக்க வேண்டுமாம், அவள் பார்க்க வேண்டுமாம்.

பார்த்தால் உனக்குத் தாகம் எடுக்காதா என்று அவளிடம் கேட்டேன்.

"எடுக்கும். அதை நான் பாத்துக்கறேன். அவன் குடிக்கட்டும்" என்றாள்.

அத்தான்.